போலிப் பை வியாபாரியின் அசல் பை

மோங் கோக்கில் துங் சோய் தெருச் சந்தைக்குப் போய், "சாங் காம்-சூய் எங்கே இருப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். சுங்கத்துறை ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். "டூப்ளிகேட் சூய் அண்ணன்" என்று கேட்டால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கடை வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

கடை பார்வைக்குப் பரம சாது. சால்வை, விசிறி, குளிர்பெட்டியில் ஒட்டும் பொம்மை, அவ்வளவுதான். விஷயமெல்லாம் பின்பக்கக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. சூய் ஒரு படப் புத்தகத்தை நீட்டுவார். வந்தவர் எந்தப் படத்தில் விரலை வைக்கிறாரோ அந்தப் பை பத்து நிமிஷத்தில் கறுப்பு பிளாஸ்டிக் உறைக்குள் இறங்கி வரும். பாரிஸில் ஒரு கம்பெனி மூளையைக் கசக்கி ஒரு பையைக் கண்டுபிடித்தால், அது பாரிஸ் கடைக் கண்ணாடிக்குள் போய் உட்காருவதற்குள் சூயிடம் வந்து சேர்ந்துவிடும் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். பையோடு பெட்டி, துணி உறை, முத்திரை அட்டை, ரசீது என்று எல்லாம் உண்டு. எல்லாமே போலி. புதுத் தோல் வாசனைக்குக்கூட ஒரு குப்பி வைத்திருந்தார்.

அவரிடம் ஒரு நேர்மை இருந்தது, அதையும் சொல்லவேண்டும். யாரிடமும் அசல் என்று சொல்லி விற்றது கிடையாது. "நான் உங்ககிட்ட பொய் சொல்லமாட்டேம்மா. நீங்க உங்க மாமியார்கிட்ட சொல்லிக்கோங்க" என்பார். இன்னொன்று, 'சரக்கு இல்லை' என்ற வார்த்தை அவர் வாயில் வந்து எவரும் கேட்டதில்லை. எட்டாம் எண் புயல் எச்சரிக்கை ஏறி ஊரே கதவடைத்த நாளில், வழி தவறி வந்த ஒரு வெள்ளைக்காரியை நனைய நனைய மாடிக்குக் கூட்டிப்போய் மூன்று பை விற்றவர் அவர்.

அசல் என்று சொல்லி அவர் ஏமாற்றியது வாழ்நாளில் ஒரே ஒரு ஆளைத்தான். அது அவர் மனைவி யூக்-சிம்.

முப்பது வருடத்துக்கு முன்னால், நிச்சயமான புதிதில், ஒரு சிவப்புப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "அசல்தானா?" என்று அவள் கேட்டாள். செக்கச்செவேல் முகத்தோடு இருக்கும் குவான் தாய் சாமி படத்தின் முன்னால் ஊதுபத்தி ஏற்றி, அசல்தான் என்று சத்தியம் பண்ணினார். ஆடி மாதத்துப் புழுக்கத்தில் அவள் வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போனாள். இறங்கும்போது பையிலிருந்த சாயம் முழுக்க இடுப்பில் ஏறியிருந்தது. கம்பெனி முத்திரை தலைகீழாக, அழகாக, தெளிவாக விழுந்திருந்தது. அக்கா யூக்-லான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றோடு யூக்-சிம் கைப்பையைத் தலைமுழுகினாள். ஊரெல்லாம் அவள் புருஷன் விற்ற பையோடு அலைய, அவள் மட்டும் அரிசி வாங்கினால் இலவசமாகக் கொடுக்கும் துணிப்பையோடு அலைந்தாள்.

இந்த வருடம் அக்கா மகள் ஹோய்-யானுக்குக் கல்யாணம் வந்தது.

"விருந்துக்காவது ஒரு நல்ல பை எடுத்துட்டு வாயேன்" என்றார் சூய்.

"உன் கடைப் பையா? ஒரு தடவை இடுப்புல முத்திரை குத்தினது போதும்யா."

"அது அந்தக் காலத்துச் சரக்கு. இப்ப வர்ற சாயம்லாம் உயிர் போனாலும் போகாது."

"இந்த வீட்டுல அசலா இருக்கறது நான் ஒருத்திதான். அப்படியே இருந்துட்டுப் போறேன் விடு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சூய்க்கு அது சுருக்கென்று தைத்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள், பல் கட்டுவதற்கென்று இரண்டு வருடமாகச் சேர்த்துவைத்திருந்ததை எடுத்துக்கொண்டு காண்டன் சாலைக்குப் போனார்.

அங்கே அசல் கடை வாசலில் கயிறு கட்டி வரிசையில் நிறுத்தினார்கள். உள்ளே விடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரமானது. காசு கொடுக்க வந்தவனை வெயிலில் நிறுத்தும் வியாபாரத்தை முதன்முதலாகப் பார்த்து சூய் வியந்துபோனார். விற்கும் பெண் கையுறை மாட்டிக்கொண்டு, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு பையைத் தூக்கிவந்தாள். சூய் அதை வெடுக்கென்று வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார், மோந்து பார்த்தார், ஜிப்பைக் காதோரம் வைத்து இழுத்தார், சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"என்னம்மா இது, இந்த ஓரத்துல ரெண்டு தையல் கோணலா ஓடுது? எங்க ஆள் இப்படி அனுப்பினா அன்னிக்கே திருப்பி அனுப்பிருவேன்."

"சார், இது கையால தைக்கறது."

"அப்ப கையை நேரா வச்சுத் தைக்கச் சொல்லு. வேற எடு."

நாலு பை பார்த்தார். ஐந்தாவதில் ஒரு தையல்கூடப் பிசகவில்லை. எண்ணிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில், "கடைசி விலை சொல்லு" என்றார். அந்தப் பெண் மேலாளரைக் கூப்பிட்டாள். மேலாளர் காவலாளியைப் பார்த்தார். சூய் முழு விலையையும் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் யூக்-சிம் கீரை கழுவிக்கொண்டிருந்தாள். பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"அசல். காண்டன் சாலையில வாங்கினேன்."

"ரொம்ப சந்தோஷம். மேசையை விட்டு எடு, ஈரம் படும்."

"ரசீதைப் பாருடி!"

"அதுதான் கட்டுக்கட்டா உன் மேசை டிராயர்ல கிடக்கே."

"மோந்து பாரு, தோல் வாசனையை."

"குப்பி தீர்ந்துருச்சா, புதுசு வாங்கினியா?"

"குவான் தாய் சாமி சத்தியமா..."

"யோவ், அந்த சாமியை விட்டுரு. போன தடவை நீ பண்ணின சத்தியத்துக்கே அவர் இன்னும் முகம் சிவந்துபோய் உட்கார்ந்திருக்காரு."

சூய் யோசித்துப் பார்த்தார். அசல் என்று நிரூபிக்க உலகத்தில் என்னென்ன உண்டோ அத்தனையையும் அவரே முப்பது வருடமாக விற்றுத் தீர்த்திருந்தார். மிச்சமிருந்தது அவர் வார்த்தை ஒன்றுதான், அதற்கு அந்த வீட்டில் மதிப்பில்லை. உள்ளபடியே அவருக்கு அழுகை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து யூக்-சிம் கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரி சரி, எடுத்துட்டு வர்றேன். சாயம் போச்சுன்னா உன்னைத்தான் துவைப்பேன்."

இந்த ஊர்க் கல்யாண விருந்து எப்படி என்றுதான் தெரியுமே. ஐந்து மணிக்கு வரச் சொல்லி எட்டரைக்குச் சோறு போடுவார்கள். அதுவரை மாஜாங் ஆட்ட மேசைகளில் காய் உருட்டவேண்டும், முலாம்பழ விதை கொறிக்கவேண்டும், அடுத்தவர் பையைப் பார்க்கவேண்டும். யூக்-சிம் தன் பையை அலட்சியமாகத் தரையில், விதைத் தொலிகளுக்கு நடுவே போட்டுவிட்டு ஆட உட்கார்ந்தாள். பின்னால் நின்ற சூய்க்கு யாரோ நெஞ்சை மிதித்த மாதிரி இருந்தது.

அக்கா யூக்-லான் கண்ணில் அது பட்டுவிட்டது. அவளிடம் அதே கம்பெனியின் அசல் பை ஒன்று உண்டு. அது உண்டு என்பது தெரியாத ஆள் கௌலூனிலேயே இல்லை. தங்கையின் பையை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அடேயப்பா மாப்பிள்ளை! உங்க சரக்கு எங்கியோ போயிருச்சே!"

"அது அசல், அண்ணி."

மேசையே சிரித்தது.

"சும்மா இருங்க. இந்தா, என் பைத் தையலைப் பாருங்க. இங்க லேசாக் கோணும். ஏன்னா மனுஷன் கையால தைச்சது. உங்களுது ஒரு நூல் பிசகாம ஓடுது. மெஷினு! இதுலதான் மாட்டிக்கிட்டீங்க."

நாலு அசலைத் தள்ளிவிட்டு, இருப்பதிலேயே போலி மாதிரி இருந்த ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடி எடுத்த தன் சாமர்த்தியத்தை நினைத்து சூய்க்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"ஆனா பிரமாதம் மாப்பிள்ளை. இதே நிறத்துல எனக்கு ஒண்ணு. மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போக."

"எனக்கு ரெண்டு, சித்தப்பா. ஆபீஸ்ல கேப்பாங்க."

"கறுப்புல இருக்கா சூய் அண்ணே? எட்டு வேணும், முன்பணம் இப்பவே தர்றேன்."

நிமிஷத்தில் பதினோரு பைக்கு ஆர்டர் வந்தது. எல்லாரும் பணப்பையைத் திறந்துகொண்டு அவரையே பார்த்தார்கள்.

"சரக்கு இல்ல" என்றார் சூய்.

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரமும் இல்ல. எப்பவும் வராது."

யூக்-சிம் கையிலிருந்த காயைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். புயலில் கடை திறந்த மனுஷன், மாமனார் சாவு ஊர்வலத்தில்கூட ஒரு பை விற்ற மனுஷன், பதினோரு பையை வேண்டாம் என்கிறார். அவள் மெல்லத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து பையை எடுத்தாள், ஒட்டியிருந்த விதைத் தொலிகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள், மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் வெளியில வாய்யா."

கழிவறைக்குப் போகிற நடையில் வைத்துக் கேட்டாள்.

"எவ்வளவு?"

சொன்னார்.

அடிக்கக் கையை ஓங்கினாள். அந்தக் கையில் பை இருந்தது. பையை ஜாக்கிரதையாக இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் அடித்தாள்.

"பல்லுக்கு வச்சிருந்த காசுதானே அது? இனிமே எதை வச்சுய்யா மெல்லுவே?"

"இந்தப் பக்கம் ஒழுங்காத்தான் இருக்கு."

"லூசு. உன்னை யாரு கேட்டா?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சூய்க்கு அவ்வளவு சந்தோஷம் வாழ்நாளில் வந்ததில்லை. அடி வாங்கிய தோளைத் தடவிக்கொண்டு, வாத்து மாதிரி அவள் பின்னாலேயே உள்ளே போனார்.

விருந்து தொடங்கியது. பன்றிக்குட்டி வந்து போனது, சூப் வந்து போனது. ஆவியில் வெந்த களவா மீன் வந்தபோது யூக்-லானுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி, பையை மடியை விட்டு இறக்கவே மாட்டேங்கறே? உண்மையைச் சொல்லு. அது அசலா?"

சூய் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் காத்திருந்த கேள்வி அது. மேசையில் பத்துப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"போலிதான்க்கா" என்றாள் யூக்-சிம். "அவரு கொடுத்தாருன்னு வச்சிருக்கேன்."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று யூக்-லான் திருப்தியாக மீனுக்குத் திரும்பினாள்.

சூய் பதறிப்போய் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். "ஏன்டி அப்படிச் சொன்னே?"

"அசல்னு சொன்னா நம்பமாட்டா. நம்பிட்டாளோ, நாளைக்குக் காலையிலேயே கடன் கேட்டு வந்து நிப்பா. நீ பேசாம சாப்பிடு."

மீன் தட்டு அவர்கள் பக்கம் சுழன்று வந்தது. மேசைக்கு மூத்தவர் இருக்கிறார், பெண்ணின் அப்பா இருக்கிறார் என்றெல்லாம் யூக்-சிம் பார்க்கவில்லை. பெரியவர்களுக்கென்று விட்டுவைக்கும் மீனின் கன்னத்துச் சதையைக் குச்சியால் லாவகமாக எடுத்து, முள் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்து, புருஷன் கிண்ணத்தில் வைத்தாள்.

"மெல்லவே வேண்டாம்," என்றாள். "அவ்வளவு மெத்துனு இருக்கும்."