சர்வருக்கு வைத்த பொட்டு

லினக்ஸ் தெரியும் என்று சொல்லிக்கொண்டு மதுரைக்குள் மொபெட்டில் திரிந்த சிலரில் நானும் ஒருவன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். விளாங்குடியில் வாடகை வீடு. ஒரு கல்லூரியின் லேப், இரண்டு பிரவுசிங் சென்டர், ஒரு ஸ்கேன் சென்டர், கீழவாசல் பக்கம் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்த ஒரு சௌராஷ்டிரக் குடும்பம். இவ்வளவுதான் என் ராஜ்ஜியம். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கும் என் ஞாபகம் வராது. நின்றுவிட்டால் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் வரும்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதுவும் ஓடுகிற சர்வரின் சுவிட்சை அணைப்பவர்களைக் கண்டால் இன்னும் வேகமாக வரும். சர்வர், எழுத வேண்டியதையெல்லாம் உடனுக்குடன் டிஸ்கில் எழுதிவிடாது. கொஞ்சத்தை நினைவில் வைத்துக்கொண்டு, நேரம் கிடைக்கும்போது எழுதும். அதனால் நிறுத்தப்போகிறேன் என்று முதலில் சொல்லி, அது எழுதி முடிக்கும்வரை பொறுத்துத்தான் அணைக்க வேண்டும். திடீரென்று கரண்டை நிறுத்துவது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவனின் இலையை உருவுவது போல. இதை நான் எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறேன். பிரவுசிங் சென்டர்க்காரர்கள் தலையாட்டிவிட்டு அன்று மாலையே அணைப்பார்கள். சேலைக்காரர் வீட்டில் மட்டும் அப்படி நடந்ததில்லை. அங்கே அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டவர் அந்த வீட்டு மருமகள்.

கீழே கடையும் சரக்கு வைக்கும் கிட்டங்கியும், மாடியில் வீடு. மாடியில் பூஜை அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதில் சர்வர், ஒரு மானிட்டர், ஒரு நாற்காலி. எந்தக் கடைக்கு என்ன நிறத்தில் எத்தனை சேலை, முடிச்சுப் போட யார் வீட்டுக்குத் துணி போயிருக்கிறது, சாயத்துக்கு எது போயிருக்கிறது என்று எல்லாம் அதில்தான். கடைக்கு ஒரு ஃபைல் என்ற கணக்கில் அந்தப் புரோகிராமை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். அழகான புரோகிராம் இல்லை. ஆனால் ஓடியது.

மருமகள் பிஎஸ்சி கணிதம் படித்தவர். கல்யாணமாகி வந்த நாள் முதல் அடுப்படிதான். பழைய கணக்கப்பிள்ளை கண் பார்வை மங்கி மகள் வீட்டோடு போனபோது, ஆள் கிடைக்கிறவரை இரண்டு நாளைக்கு என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்படியே இருந்துவிட்டார். மாமனாருக்கு அதில் முழுச் சம்மதம் கிடையாது. தொந்தரவு இல்லாமல் ஓடும்வரை ஓடட்டும், ஏதாவது ஆனால் பெட்டியை எடுத்துவிட்டு வேறு கணக்கப்பிள்ளை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். ஒருநாள் நான் வேலையாக இருந்தபோது மருமகளே இதைச் சொல்லிவிட்டு, "இந்தச் சேர் இருக்குற வரைக்கும்தாண்ணே நான் படிச்சவ" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் விஜயதசமி அன்று காலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, பெட்டி எந்திரிக்க மாட்டேங்குது. கொஞ்சம் வெரசா வாங்க."

"எந்திரிக்கலையா? அது எப்பப் படுத்துச்சு?"

"நேத்து பூசைக்கு மாமா எல்லாத்தையும் நிப்பாட்டிட்டாங்க."

வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு "இந்தா வாரேன்" என்றேன். மொபெட்டில் போகும்போது அடக்கவில்லை. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

போனதும் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆயுத பூஜை அன்று தொழில் செய்யும் சாமான் எதுவும் ஓடக்கூடாது என்பது மாமனாரான பெரியவரின் கண்டிப்பு. தராசு, கத்தரிக்கோல், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்துவிட்டு, மாடிக்கு வந்து சர்வர் அறையின் சுவிட்சை மட்டும் இறக்கியிருக்கிறார். யுபிஎஸ் கீச்சுக்கீச்சென்று கத்தியிருக்கிறது. பாவம், இதற்கும் ஓய்வு வேண்டாமா என்று அதையும் அணைத்திருக்கிறார். அடுப்படியில் வடைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்த மருமகள் சத்தம் கேட்டு மாவுக்கையோடு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு பெரியவர் குளிரக் குளிரச் சந்தனம் குழைத்துப் பெட்டிக்கும் பொட்டு வைத்தார்.

மறுநாள் காலை, எனக்குப் போன் வருவதற்கு முன், நல்ல நேரம் பார்த்துக் குடும்பமே அந்த அறையில் கூடியது. விஜயதசமிக்குப் பெரியவர் கையால் முதல் ஆர்டர் ஒன்றைப் போட்டுத்தான் தீபாவளி வியாபாரத்தைத் தொடங்குவார்கள். சுவிட்சைப் போட்டார்கள். பெட்டியில் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. நல்ல நேரம் போய்விட்டது.

"நல்ல நாளும் அதுவுமா பெட்டி வாயைத் தொறக்கலையே தம்பி. சகுனமே சரியில்ல" என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கதவோரம் நின்ற மருமகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இதுக்குப் பூச போட்டியா?" இல்லை என்றேன். என்னைப் பூஜை அறைக்குக் கூட்டிப்போய் அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துத் திருப்பிக் கொடுத்தார். வழுக்கியது. வேட்டியில் துடைக்கவும் முடியாது, அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறந்து முதலில் மெமரி கார்டைக் கழற்றி, அதன் கால்களை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். அப்போதெல்லாம் பாதி நோய்க்கு அதுதான் மருந்து. பலனில்லை. டிஸ்கின் வயரைக் கழற்றிப் பார்த்தேன். அப்போதும் திரை இருட்டு. அப்படியானால் கோளாறு டிஸ்குக்கும் முன்னால். கடைசியில் முன்பக்கப் பொத்தான்களிலிருந்து போர்டுக்கு வரும் மெல்லிய வயர்களில் ஒன்றை உருவினேன். பீப் என்று ஒரு சத்தம். திரை வெளுத்தது.

உருவியது ரீசெட் வயர், பெட்டியை முதலிலிருந்து தொடங்கச் சொல்லும் பொத்தானுடையது. பெட்டியைத் திருப்பி முகத்தைப் பார்த்தேன். நெற்றி என்று நினைத்து, பெரியவர் கட்டை விரலால் அழுத்திப் பொட்டு வைத்தது சரியாக ரீசெட் பொத்தானின் மேல். சந்தனம் காய்ந்து, பொத்தான் உள்ளே போனது போனபடி ஒட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டதிலிருந்து யாரோ விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருப்பதாகத்தான் அந்தப் பெட்டி நினைத்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டேன்.

சிரிக்கும் நேரமும் அது இல்லை. டிஸ்கை மாட்டியதும் மெஷின் பாதி தூரம் எழுந்து, டிஸ்க் குழம்பியிருக்கிறது, நீயே வந்து சரிபார் என்று சொல்லி நின்றது. ரூட் பாஸ்வேர்டைக் கேட்டது. கொடுத்தேன். சரிபார்க்கும் கட்டளையைப் போட்டதும் கேள்வி மேல் கேள்வியாக வந்தது. இதை நீக்கவா, இதை மாற்றவா, இதற்குத் தாய் டைரக்டரியைக் காணோம், தனியே எடுத்து வைக்கவா?

"என்ன கேக்குது?" என்றார் பெரியவர்.

"சரி பண்ணவான்னு கேக்குதுங்கய்யா. ஆமான்னு சொல்றேன்."

"எம்புட்டு கேள்வி கேக்குது! எல்லாத்துக்கும் ஆமாவா? படிச்சுப் பாத்துத்தான் சொல்றியா?"

படித்துப் பார்த்தாலும் ஆமாம் என்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? வேறு டிஸ்க் இருந்தால் அப்படியே ஒரு நகல் எடுத்துவிட்டுக் கைவைக்கலாம். வேறு டிஸ்க் இல்லை. மருமகளைப் பார்த்து, "பேக்கப்?" என்றேன்.

"முந்தாநாள் எடுத்துட்டேண்ணே. பிளாப்பியில இருக்கு." ஒரு நொடி நிறுத்தினார். "பூசையில இருக்கு."

புத்தகங்களோடு பிளாப்பிகளும் சாமி முன்னால் இருந்தன. ஒவ்வொன்றின் தகர மூடியிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். பெரியவர் எந்தச் சாமானிடமும் ஓரவஞ்சனை காட்டவில்லை. துடைத்து, ஊதி, டிரைவில் போட்டால் கரகரவென்று அரைத்ததே தவிர ஒன்றையும் படிக்கவில்லை. அன்று அந்த வீட்டில் நான் ஒரே ஒருமுறைதான் குரலை உயர்த்தினேன். அதுவும் டிரைவைப் பார்த்துத்தான் திட்டினேன்.

எல்லாக் கேள்விக்கும் ஆமாம் சொல்லி முடித்தபோது மெஷின் எழுந்துவிட்டது. ஆனால் ஆர்டர் ஃபைல்களை வைத்திருந்த டைரக்டரியே இல்லை. அதிலிருந்த ஃபைல்களெல்லாம் காணாமல் போனவற்றைப் போட்டு வைக்கும் இடத்தில் கிடந்தன. பெயர் போய், வெறும் எண்கள்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளடக்கம் பத்திரம், எது எந்தக் கடையுடையது என்பதுதான் தெரியவில்லை. முட்டாள்தனமாக நான் கடையின் பெயரை ஃபைலின் பெயராக மட்டும் வைத்திருந்தேன். உள்ளே எழுதவில்லை.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அரக்கும் பச்சையும் மட்டும் கேட்டிருந்தால் மேலூர்க் கடை. சின்னப் புள்ளி வேண்டாம் என்று குறிப்பு இருந்தால் திண்டுக்கல். ஒவ்வொரு வாரமும் ஆர்டரை மாற்றியிருந்தால் சோழவந்தான் கடை, அந்தக் கடைக்காரர் அப்படித்தான். மருமகள் சொல்லச் சொல்ல நான் பெயரை மாற்றிக்கொண்டே வந்தேன். சில இடங்களில் அவருக்கும் சந்தேகம் வந்தது. போனில் கடைக்காரரைக் கேட்டு உறுதி செய்தார். அவர் கணவர் கீழே கிட்டங்கிக்குப் போய்க் கட்டுகளைப் பார்த்து வந்து சொன்னார். மதியச் சாப்பாட்டை யாரோ அறைக்கே கொண்டுவந்து வைத்தார்கள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் கடைசி எண்ணும் ஒரு பெயரானது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இந்தத் தொழிலில் அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்காது என்றும் தெரியும்.

பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்: "நல்லா வேல பாத்த தம்பி. ஆனா விஜயதசமியன்னைக்கு மொத எழுத்து எழுதாத பெட்டி வீட்டுல இருக்கக் கூடாது. தீபாவளி வரைக்கும் ஓடட்டும். அப்புறம் எடுத்துருவோம். கணக்குக்கு ஆளு பாத்துக்கறேன்."

நான் வாதாடத் தொடங்கினேன். அணைத்ததால்தான் கெட்டது, அணைக்காமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றேன். "அப்ப பூசையன்னைக்கும் ஓடணுங்கிறியா? ஆயுதத்துக்கு ஒருநாள் ஓய்வு குடுக்கக் கூடாதா?" என்றார். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பையில் போட்டேன்.

அப்போது மருமகள் பேசினார். "மாமா, நேத்து அரிவாமனைக்கும் பொட்டு வச்சீங்க. கரண்டிக்கு, கிரைண்டருக்கு, அடுப்புக்கு எல்லாத்துக்கும் வச்சீங்க. பொட்டு வச்ச கையோட அந்தக் கிரைண்டர்லதான் வடைக்கு அரைச்சேன். அதெல்லாம் ஓடுனதுக்கு சாமி ஒண்ணும் சொல்லலையே. இதுவும் அது மாதிரி பொட்டோட ஓடட்டும்."

அந்த வீட்டில் தங்களுக்குள் பேசுவதெல்லாம் சௌராஷ்டிரத்தில்தான். எனக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. அதில் சொல்லியிருந்தால் வீட்டுப் பேச்சாக வீட்டோடு போயிருக்கும். அவர் தமிழில் சொன்னார், வெளியாளான என் முன்னால். பெரியவரின் முகம் இறுகியது. அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்து அவர்கள் மொழியில் சின்னதாக ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் பிறகும் கேட்கவில்லை. பெரியவர் திரும்பி அவரை ஒருமுறை பார்த்தார். தலையைத் தடவிக்கொண்டார்.

பிறகு என்னிடம், "காலைல என்னமோ தட்டுன. திரையில ஒண்ணுமே தெரியலையே, அது என்ன?" என்றார்.

"பாஸ்வேர்டுங்கய்யா. சாவி மாதிரி. அது இருந்தாத்தான் பெட்டியில எதையும் சரி பண்ண முடியும்."

"அது யாருட்ட இருக்கு?"

"என்கிட்ட மட்டுந்தான்."

"எங்க வீட்டுப் பெட்டிச் சாவி விளாங்குடியிலயா இருக்கு?"

மகன் ஒரு அடி முன்னால் வந்தார். "நீ பாதி நாளு வெளியூர்ல கெடக்க" என்று பெரியவர் அவரைப் பார்க்காமலே சொன்னார். பிறகு மருமகள் பக்கம் கையைக் காட்டினார். "அவட்ட குடு."

பாஸ்வேர்டை மாற்றும் கட்டளையைப் போட்டுவிட்டு நான் எழுந்துகொண்டேன். மருமகள் நாற்காலியில் உட்கார்ந்தார். சாவி போடுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மகனையும் தோளைப் பிடித்துத் திருப்பினார். நானும் திரும்பினேன். மூன்று ஆண்கள் சுவரைப் பார்த்து நிற்க, பின்னால் விசைகள் மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. மறுபடியும் ஒருமுறை கேட்டது.

"மாத்திட்டேண்ணே."

"அப்ப நான் அடுத்து வந்தா?"

"நான் இருக்கும்போது வாங்க. தொறந்து விடுறேன்."

தீபாவளி கழிந்த பிறகும் அந்தப் பெட்டிக்காக அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அவர் அடுப்படியில் வேலையாக இருந்தால், கையைத் துடைத்துக்கொண்டு வரும்வரை அந்த அறை வாசலில் உட்கார்ந்திருப்பேன். சில நாட்களில் பெரியவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பார்.