ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கை

படகுத்துறையின் டிக்கெட் கூண்டு தண்ணீர்மேல் இருந்தது. கரையில் இடமில்லை என்று மிதவை மேடையிலேயே அதைக் கட்டிவிட்டார்கள். படகு வந்து ஒட்டும்போதெல்லாம் கூண்டு ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு நிமிரும். உள்ளே உட்கார்ந்திருக்கும் டிக்கெட் அக்காவும் கூடவே சாய்ந்து நிமிர்வாள். பழகிப்போய், வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதுகூட அவள் உடம்பு லேசாக ஆடும்.

வெயிலுக்காகக் கூண்டின் கண்ணாடியில் பால்நிறத் தாள் ஒட்டியிருந்தார்கள். கீழே அரைவட்டமாக ஒரு திறப்பு. வெளியே நிற்பவர்களுக்கு அவள் முகம் தெரியாது, மங்கலாக ஒரு தலை அசைவது மட்டும் தெரியும். அவளுக்கும் அவர்கள் முகம் தெரியாது. தெரிவதெல்லாம் காசு நீட்டும் கைகள்தான். மை ஒட்டிய கை, மீன் வாசனைக் கை, நகம் கடித்த கை, குழந்தையின் கையைப் பிடித்தபடியே நீளும் கை. பனி இறங்கிய காலைகளில் அவை வெண்மைக்குள்ளிருந்து தாமாக மிதந்து வருவது போலிருக்கும். மனிதர்கள் எங்கோ தூங்கிக்கொண்டிருக்க, கைகள் மட்டும் எழுந்து வேலைக்குப் போகின்றன என்று அவளுக்குத் தோன்றும்.

அவர்கள் பார்ப்பதும் அவளுடைய ஒரு கையைத்தான். வலது கை. மணிக்கட்டிலிருந்து தோள்வரை இறுக்கமான உறை ஒன்று. உள்ளங்கையைச் சுற்றி, விரல்கள் மட்டும் வெளியே தெரிகிற சின்ன உறை இன்னொன்று. தோல் நிறம் என்று பெட்டியில் போட்டிருந்தது. யாருடைய தோல் என்று போடவில்லை.

மார்பில் வந்த கட்டியை எடுத்தபோது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. ஆனால் கையிலிருந்து மேலேறி வடிய வேண்டிய நீரும் வழி தெரியாமல் கையிலேயே தங்கத் தொடங்கியது. மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த பெண் ஒளிக்காமல் சொன்னாள்: "இது முழுசா போகாதுக்கா. ஆனா அடக்கி வெச்சுக்கலாம். காலையில எழுந்ததும் மாட்டுங்க, படுக்கும்போது கழட்டுங்க. அவ்வளவுதான், கைக்கும் ஒரு சட்டைன்னு நெனச்சுக்கோங்க."

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே கேள்வி வந்தது. "கையில என்னம்மா, தீக்காயமா?"

அவள் உண்மையைச் சொன்னாள். நீண்டிருந்த கை மீதிச் சில்லறையை வாங்காமலே பின்வாங்கியது. அடுத்த கை, "எங்க சித்திக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று தொடங்கி, சித்தியைச் சுடுகாடுவரை கொண்டுபோய் விட்டுத்தான் டிக்கெட் வாங்கியது. மதியத்துக்குள் முன்பின் தெரியாத மூன்று பேருடைய சாவுக்கு அவள் போய் வந்திருந்தாள். உண்மையைச் சொன்னால் ஆறுதலையும் அவளேதான் சொல்ல வேண்டியிருந்தது. "பரவாயில்லைங்க, விடுங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று கண்ணாடியின் இந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேரைத் தேற்றுவது?

அன்று மாலை ஒரு முதியவரின் கை கேட்டது. "ஏம்மா, அந்தக் கைக்கு மட்டும் குளிருதா?"

யோசிக்கவே இல்லை, வாயில் தானாக வந்தது. "ஆமாங்க. அது குளிர் ஊர்ல இருந்து வந்த கை. இன்னும் இங்க பழகல."

வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. முதியவர் தன் கையால் அவள் விரல்களை மெல்லத் தட்டிவிட்டு, "பழகிடும், பழகிடும்" என்று சொல்லிப் போனார்.

அன்றிலிருந்து வழி திறந்துகொண்டது. சீருடையா என்று கேட்டவருக்கு, "ஆமாங்க, இந்தக் கை நிரந்தர உத்தியோகம், அதனால சீருடை உண்டு. இடது கை இன்னும் தற்காலிகம்தான்." கணக்குப் பார்க்க வந்த அதிகாரிக்கு, "கை நீளம்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல சார், அதான் கட்டி வெச்சிருக்கேன்." எண்ணெய் எண்ணெயாக மருந்து சொன்ன அம்மாளுக்கு, "எல்லாம் தடவியாச்சும்மா. இனி தாளிச்சுக் கொட்டறதுதான் பாக்கி."

படகைக் கட்டி அவிழ்ப்பவரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒருநாள் கூண்டுக் கதவைத் தட்டினார். "அக்கா, நேத்து ஒருத்தர்கிட்ட முதலை கடிச்சுதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"இன்னைக்கு அவர் பொண்டாட்டிகிட்ட யானை மிதிச்சுதுன்னு சொல்லி வெச்சிருக்கீங்க. நடு ஆத்துல ரெண்டு பேருக்கும் சண்டை. நான் யாருக்குப் பஞ்சாயத்து பண்றது?"

"ரெண்டும் நெஜம்னு சொல்லு. முதலை பிடிச்சுது, யானை காப்பாத்த வந்துச்சு, வந்த அவசரத்துல மிதிச்சிடுச்சு."

இந்த வேடிக்கையெல்லாம் யாருக்காக என்று அவளே சில சமயம் தன்னைக் கேட்டுக்கொள்வாள். அவர்கள் சங்கடப்படக் கூடாது என்றா, தான் அழுதுவிடக் கூடாது என்றா? பதில் ஒரு நாளைப்போல் ஒரு நாள் இருப்பதில்லை.

ஆனால் ஒரே ஒருவரிடம் இந்த வித்தை எதுவும் பலிக்கவில்லை. அவர் கேட்கவே இல்லை.

அவள் கணவர் சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை வைத்து உறை தைப்பவர். கடைத்தெரு முனையில் சின்னக் கடை. அறுவை சிகிச்சையின்போது ஆஸ்பத்திரி நடையிலேயே குடியிருந்தவர், கஞ்சி ஊட்டியவர், அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதவர். கை வீங்கிய பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ரப்பர் கையுறை மாட்டிய இடது கையால் உறையை அங்குலம் அங்குலமாக ஏற்றி மல்லுக்கட்டும்போது, அவர் எழுந்து குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போய்விடுவார். படுக்கையிலும் பக்கம் மாறிக்கொண்டார். இத்தனை காலம் அவளுக்கு வலப்பக்கம் படுத்தவர், ஒருநாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் வந்துவிட்டார்.

அதற்கு அவள் தானாகவே ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டாள். அருவருப்பு. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அது வீட்டில் இருந்தது, அலமாரிக்குப் பின்னால் விழுந்துவிட்ட சாமான்போல. கேட்ட கேள்விக்கு ஆயிரம் பதில் வைத்திருக்கலாம். கேட்காத கேள்விக்கு என்ன சொல்வது?

சாயங்காலம் துவைத்துக் குளியலறைக் கொடியில் போட்ட உறை, கையின் உருவத்தை விடாமல் தொங்கும். காற்றில் அசையும்போது யாரையோ கூப்பிடுவது போலிருக்கும். ஒரு கனவில் ஆறு முழுவதும் அந்த உறைக்குள் ஓடியது. படகுகள் அவள் முழங்கையைத் தாண்டித் தோளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கரையில் அவர் நின்றார். டிக்கெட் வேண்டுமா என்று அவள் கேட்டாள். அவருக்குக் கேட்கவில்லை.

மூடுபனி கவிந்து படகு தாமதமான ஒரு காலை. வரிசை நீண்டிருந்தது. கைகள் வந்தன, போயின. அப்போது திறப்புக்குள் ஒரு கை வந்தது. கட்டைவிரல் நுனி முழுக்க ஊசிப் பொத்தல். சட்டை விளிம்பில் பஞ்சு.

அவர் இந்தத் துறைக்கு வருவதே இல்லை. அக்கரையில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. யாருக்கு என்ன ஆயிற்று?

"ஒரு டிக்கெட்" என்றது குரல். பிறகு, யாரோ அந்நியரைப்போல, மரியாதையாக: "ஒண்ணு கேக்கலாமாங்க?"

குளிர் ஊர், சீருடை, முதலை, யானை எல்லாம் அவள் நாக்கில் வந்து வரிசையாக நின்றன. "கேளுங்க" என்றாள்.

"வலிக்குதா?"

இந்த ஜன்னலில் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. என்ன அது, எப்படி வந்தது, எப்போது போகும், எந்த எண்ணெய் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அவள் டிக்கெட்டைக் கிழித்துக் கையிலேயே வைத்திருந்தாள்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "என்னங்க முன்னாடி, டிக்கெட் வாங்கறீங்களா, குடித்தனம் நடத்தறீங்களா?"

"வலின்னு இல்ல" என்றாள் அவள், திறப்புக்குக் குனிந்து, மெதுவாக. "சாயங்காலம் ஆனா கனக்கும். ஈரத்துணி மூட்டையக் கீழ வைக்காம தூக்கிட்டு நிக்கற மாதிரி. சில நாள் விரல் மரத்துப் போயிடும்."

"காலையில மாட்டறப்போ?"

"அப்போதான் கஷ்டம்."

அவர் கை அங்கேயே இருந்தது. "நேத்து கடைக்கு வந்த ஒருத்தர் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். படகுத்துறையில ஒரு கை இருக்காம், குளிர் ஊர்ல இருந்து வந்ததாம். நானும் சேர்ந்து சிரிச்சேன். அப்புறம்தான் அது நம்ம வீட்டுக் கைன்னு உறைச்சுது. ஊரே கேட்டிருக்கு, நான்தான் கேக்கல. கேட்டா உனக்கு அதெல்லாம் திரும்ப ஞாபகம் வருமேன்னு..."

"மறந்தாத்தானே ஞாபகம் வர்றதுக்கு?" என்றாள். பிறகு, இத்தனை நாள் தொண்டையில் இருந்ததைக் கேட்டாள். "ஏன் அந்தப் பக்கம் மாறிப் படுத்தீங்க?"

"தூக்கத்துல அது மேல கையப் போட்டுடுவேனோன்னு பயம்."

அவளுக்குக் கண்ணாடி இன்னும் வெளுத்தது. கண்ணீரா பனியா என்று அவள் பார்க்கவில்லை. "பாரமில்லாம போட்டா ஒண்ணும் ஆகாது" என்றாள்.

"நாளையில இருந்து நான் மாட்டி விடறேன்."

"சுருக்கம் விழக் கூடாது. மேல மடிஞ்சாலும் தப்பு. உங்களுக்கு வராது."

"ஏம்மா, நாள் பூரா கடையில நான் என்ன பண்றேன்? சுருக்கம் விழாம உறை மாட்டறதைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்?"

அவள் சிரித்துவிட்டாள். இந்த முறை வேறு யாரோ சொல்லி, அவள் சிரித்தாள். படகு வந்து முட்டியது. விசில் ஊதினார்.

"போங்க, ஏறுங்க. கிழிச்ச டிக்கெட்டைத் திரும்ப வாங்க மாட்டோம்."

"அக்கரையில போய் நான் என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். அடுத்த படகுல திரும்பி வந்துடுங்க."

ஊசிப் பொத்தல் கை டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, அவள் விரல்மேல் கொஞ்சம் தங்கி, பனிக்குள் போயிற்று. உடனே வளையல் போட்ட கை ஒன்று அவசரமாக நீண்டது. குடித்தனம் என்று கேலி பேசிய அதே குரல்.

"யாரும்மா அந்த ஆளு? இவ்வளவு நேரமா கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு?"

"என் வீட்டுக்காரர்ங்க" என்றாள் டிக்கெட் அக்கா.

"உங்ககிட்ட ஒரு நேரான பதில் வருமா!" என்றாள் அந்தப் பெண். வரிசை மொத்தமும் சிரித்தது.