அக்ஸ்பிரிட்ஜ் மணல்மேடும் அத்தானின் பிடிவாதமும்

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை, அக்காவையும் அத்தானையும் ஏற்றிக்கொண்டு அக்ஸ்பிரிட்ஜ் பக்கத்து மணல்மேட்டுக் காட்டுக்குப் போய் வந்தேன். அத்தான் பார்சல் வான் ஓட்டுகிறவர். நீரிழிவுக்கு இந்த வருடம்தான் இன்சுலின் தொடங்கியிருக்கிறார். டொக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். நடப்பதென்றால் ஷொப்பிங் மோலுக்குள் நடந்தால் போதாதா என்பது அத்தானின் கட்சி. அக்கா கெஞ்சியதால் நான் மாட்டிக்கொண்டேன்.

ரொறன்ரோவில் நாங்கள் இருக்கும் மல்வேர்னில் இருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர், முக்கால் மணித்தியால ஓட்டம். எட்டு மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். ஒன்பதே முக்காலுக்குத்தான் அத்தான் சப்பாத்துப் போட்டார். வழி முழுக்க நான் எந்த லேனில் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். போன் காட்டிய வழியை நம்பி ஒரு மண் வீதியில் திரும்பினேன். அது பூட்டிய கேற்றில் போய் முடிந்தது. அதற்கும் நான்தான் காரணம்.

இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உருகிப்போன பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மணலும் சரளைக்கல்லும் சேர்ந்த நீண்ட மேடு இது, ரொறன்ரோவுக்கு வடக்கே கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆதிக்குடிகளான அனிஷினாபே மக்களின் நிலம். பின்னர் குடியேறியவர்கள் மரங்களை வெட்டி விதைத்தார்கள். கொஞ்சக் காலம் விளைந்தது. பிறகு மறைப்பில்லாத மேட்டில் காற்று மணலை அள்ளி வேலிகளை மூட, பண்ணைகளைக் கைவிட்டுப் போனார்கள். பறக்கும் மணலைக் கட்டுப்படுத்த வரிசை வரிசையாகப் பைன் மரங்கள் நட்டார்கள். இன்று காடு என்று நாம் படம் எடுப்பதில் பாதி, மனிதர் கோடு போட்டு நட்டது.

அதுதான் சிக்கல். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிக் கோடு. காரை நிறுத்தி இறங்கியதும், அக்கா கட்டிக்கொண்டு வந்த புட்டுப் பையை நான் எடுக்கப் போனபோது அத்தான் விடவில்லை.

"காருக்குள்ள கிடக்கட்டும். ஒரு மணித்தியாலத்தில திரும்பி வாறம்தானே."

"காலமை சாப்பிட்டனீங்களோ?" என்று அக்கா கேட்டாள்.

"ஓம், ஓம். சாப்பிட்டனான்."

இரண்டு கிலோமீற்றர் நடந்ததும் காடு முடிந்து வெளி வந்தது. மணல், குட்டைப் புல், அங்கங்கே படர்ந்த ஜூனிப்பர் புதர்கள். நடுவில் ஒரு வீட்டின் கல் அத்திவாரமும், அதன் மூலையில் ஊதாவாகப் பூத்த லைலாக் மரமும். வீட்டு வாசலில் யாரோ நட்டது. வீடு போய்விட்டது, மரம் நிற்கிறது. நடக்க இந்த இடத்தை நான் தெரிவு செய்ததே இதைப் பார்க்கத்தான்.

பார்க்க விடவில்லை. திரும்பும் வழி இடப்பக்கம் என்றேன், அத்தான் வலப்பக்கம் என்றார். அவர் முன்னே போய்விட்டதால் நாங்களும் பின்னே போனோம். அரை மணித்தியாலம் சுற்றி, அதே அத்திவாரத்துக்கே வந்து சேர்ந்தோம். எனக்குத் தலை வெடித்தது. போனில் சிக்னலும் இல்லை.

"அத்தான், இனி நான் சொல்லுற பக்கம் போவம்."

அவர் அத்திவாரக் கல்லில் இருந்துவிட்டார். சேட் முழுக்க வியர்வை. அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு, "வானை ஆர் எடுத்தது?" என்று கேட்டார். எனது கோபம் அந்த நொடியில் பயமாகிவிட்டது. இரத்தத்தில் சீனி இறங்குகிறது. எங்களிடம் இருந்ததோ தண்ணீர் மட்டும்.

அப்போது குதிரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். கையைக் காட்டி நிறுத்தி, இனிப்பாக ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். ஜக்கெற் பைக்குள் கையை விட்டு ஒரு பிடி பெப்பர்மின்ற் எடுத்தாள். "குதிரைக்கு வைத்திருப்பது. மனிதரும் சாப்பிடலாம்," என்றாள். அக்கா ஒவ்வொன்றாக உரித்து வாயில் வைத்து, "கடியுங்கோ, கடியுங்கோ" என்றாள். குதிரை அத்தானை ஒரு மாதிரிப் பார்த்தது.

கால் மணித்தியாலத்தில் முகம் தெளிந்தது.

"காலமை ஊசி போட்டனான். சாப்பிடேல்லை," என்றார் நிலத்தைப் பார்த்தபடி. "இந்த மாசம் இது மூண்டாந்தரம். ஒருக்கா ஹைவேயில, வானுக்குள்ள."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று அக்கா கேட்டாள்.

"சொன்னால் வான் ஓட விடமாட்டியள்."

அக்கா எழுந்து லைலாக் மரத்தடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் குதிரையை நடத்தி முன்னே போக, நாங்கள் பின்னால் நடந்து கார் வரை வந்தோம். வழி நான் சொன்ன இடப்பக்கம்தான். சொல்லிக்காட்டவில்லை.

போகிறவர்களுக்கு: சொந்தக் கார் வேண்டும், பஸ்ஸை நம்ப முடியாது. லைலாக் பார்க்க மே கடைசியே சரி. சந்திகளில் உள்ள வரைபடப் பலகைகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உண்ணி கடிக்காமல் இருக்க நீளக் காற்சட்டை போடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கூட வந்தால் ஜூஸ் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்; சாப்பிட்டேன் என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

திங்கட்கிழமை அக்கா அவரை டொக்டரிடம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மருந்தின் அளவு மாறியது. சீனி ஒரு நிலைக்கு வரும்வரை வான் ஓடக்கூடாது. அன்று பின்னேரம் அத்தான் எனக்குப் போன் எடுத்து, "உன்னோட இனி ஒரு இடமும் வரமாட்டன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் இருந்து, கோபமாக இருக்கிறார். இருக்கட்டும்.