மருந்தடித்த வெண்டைக்காய்

இன்று காலை மொட்டை மாடித் தோட்டத்தில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். சமைக்க அல்ல, குப்பையில் போட.

அசுவினிப் பூச்சித் தொல்லை தாங்காமல், நேற்றுதான் நாமக்கல்லில் ஒரு கடையில் மருந்து வாங்கி வந்து அடித்திருந்தேன். "பாப்பாவுக்கு ஒரு வாரம் இந்தக் காய் வேண்டாங்க" என்று கணவரிடமும் சொல்லியிருந்தேன்.

எதிர்வீட்டு அக்கா படியேறி வந்தார்.

"கண்ணு, மருமகளுக்கு மசக்கை. ஒண்ணும் எறங்க மாட்டேங்குது. உங்க ஊட்டுக் காய்தான் மருந்தில்லாதது. நாலு வெண்டக்கா குடு சாமி."

சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. கையிலிருந்ததை அப்படியே கொடுத்துவிட்டேன்.

கீழே இறங்கியதும், அக்கா காயோடு போனதைப் பார்த்த கணவர் கேட்டார். "ஏம்புள்ள, அந்தக் காயவா குடுத்துட்டே?"

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அக்கா பாதிக் காயை நறுக்கி முடித்திருந்தார்.

"அக்கா, போட்ராதீங்க. நேத்து மருந்தடிச்சுட்டனுங்க."

கத்தி நின்றது. அக்கா எல்லாவற்றையும் வழித்துக் குப்பையில் போட்டார்.

"பூச்சி உழுந்தா அடிக்கறதுதான். அதைச் சொல்றதுக்கென்ன கண்ணு?"

கதவோரம் நின்ற மருமகள் வயிற்றில் கை வைத்தபடி என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் அக்கா இரண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

போன வாரம் நான் இங்கே போட்ட 'மருந்தே படாத எங்கள் தோட்டம்' படத்துக்கு இதயம் விட்டவர்கள் தாராளமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். திட்ட நினைப்பவர்கள், அசுவினிக்கு ஒரு நல்ல வழியும் சேர்த்துச் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.