ஒற்றை ஆள் அணிவகுப்பு

வங்கதேசப் போரில் சண்டையிட்ட ஒரு காலாட்படைப் பட்டாலியனில், திருவொற்றியூர்ப் பக்கம் மிஞ்சியிருப்பவர் ஒரே ஒரு சிப்பாய். ஆண்டு விழாவில் அவர்தான் மொத்த அணிவகுப்பும். நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பது, துறைமுக அலுவலகத்தில் ஓய்வு பெற்ற நான்.

போன முறை அவர் விறைப்பாக நின்ற பிறகுதான் போன் வந்தது. உத்தரவு சொல்லி அவரைத் தளர்த்த வேண்டிய கர்னல், எர்ணாவூரில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் சிப்பாயின் குண்டுபட்ட முழங்கால் நடுங்கியது.

"உட்காருங்கள்" என்றேன்.

"நீ சிவிலியன் சார். ஆர்டர் குடுக்கக் கூடாது."

விதிப்படி அவர் சொன்னது சரி. கீழே விழுவதற்கு மட்டும் உத்தரவு தேவையில்லை.

மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வந்த அவர் மனைவி பார்த்தார்.

"யோவ், இன்னாத்துக்கு மரமாட்டம் நின்னுகினு கீற? குந்துய்யா!"

மனைவிக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு உட்கார்ந்தார்.

கர்னல் வந்து சேர்ந்தபோது அணிவகுப்பு டீ குடித்துக்கொண்டிருந்தது.