அருவாமனையை ஒளித்து வைத்த ஜெனிட்டா

இன்று ராமநாதபுரத்தில், மனநல டாக்டர் முன்னால், தலை நிமிர முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜெனிட்டா என் தம்பி அருளின் மனைவி. பாம்பனில் அடுத்தடுத்த வீடு. தம்பி படகுக்குப் போகிறவன். நான் கிராம நர்ஸ் (பதினெட்டு வருட சர்வீஸ் என்ற மிதப்பு வேறு).

அவர்கள் குழந்தைக்கு இப்போது நாலு மாதம்.

இரண்டு மாதம் முன்பு அவர்கள் வீட்டில் மீன் வெட்டும் அருவாமனையைக் காணோம். தேடினால், பரணில் பழைய வலைக்கு அடியில் கிடக்கிறது. ஒளித்து வைத்தவள் ஜெனிட்டா.

“ஏன்டி, மீன் வெட்டச் சோம்பேறித்தனமா?” என்று கேட்டேன்.

“அதைப் பாத்தாலே பயமா இருக்கு மதினி. புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு தோணிக்கிட்டே இருக்கு.”

“கடக்கரையில பொறந்துட்டு அருவாமனைக்குப் பயமா? புள்ள பெத்த ஒடம்பு அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிரும்.”

அதோடு விட்டேனா? குடும்ப வாட்ஸப் குரூப்பில் ‘அருவாமனையைக் கடத்திய மருமகள்’ என்று போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள்.

அதன் பிறகு என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். குழந்தையை எடை போட்டேன். தடுப்பூசி அட்டையை நிரப்பினேன். பால் ஊறுகிறதா, தையல் ஆறிவிட்டதா என்று கேட்டேன். மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

முந்தாநாள் கடலிலிருந்து வந்த தம்பி பார்த்தால், உள்ளே குழந்தை கத்துகிறது. இவள் கதவைச் சாத்திவிட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

“உள்ள போனா நானே புள்ளைய ஏதாச்சும் செஞ்சிருவனோன்னு பயமா இருக்குங்க.”

இன்று டாக்டர் அவளிடம் பொறுமையாகச் சொன்னார். “இது நோய்ம்மா. வேண்டாத நெனப்பு தானா வருது. நீங்க கெட்டவங்க இல்ல. குணப்படுத்திரலாம். பால் குடுக்குறவங்களுக்கு ஏத்த மாத்திரையாத்தான் தாரேன். இதை மொதல்லயே யார்கிட்டயும் சொல்லலையா?”

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. “இல்ல டாக்டர்” என்றாள்.

என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாள்.

உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் பயமாக இருக்கிறது என்றால் சிரிக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார். “மாத்திரையைப் பாத்துக் குடுக்க, கூட இருந்து கவனிக்க, வீட்ல வெவரமானவங்க யாரும் இருக்காங்களா?”

ஜெனிட்டா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“எங்க மதினி நர்சுதான் டாக்டர்.”