சிவப்பு விளக்கும் ஒற்றைப் பொத்தானும்

மதுரையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பேத்தி சாப்பாட்டு மேசையில் ஒரு நீல அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. புதிதாகக் கற்கிறவர்களுக்கான மைக்ரோகண்ட்ரோலராம், எழுதிக் கொடுத்ததைச் செய்கிற குட்டிக் கணினி. அதோடு ஒரு பொத்தானையும் சின்னச் சிவப்பு விளக்கையும் இணைத்திருந்தாள். ஒருமுறை அமுக்கினால் எரிய வேண்டும், மறுமுறை அமுக்கினால் அணைய வேண்டும். புரோகிராம் அவளே எழுதியது. அமுக்கினாள், எரிந்தது. அமுக்கினாள், அணைந்தது. மூன்றாம் முறை பளிச்சென்று மின்னி உடனே அணைந்துவிட்டது.

"ஒரு தடவைதான் தாத்தா அமுக்குனேன். அது ரெண்டுன்னு எண்ணிக்கிருச்சு" என்றாள்.

பொத்தானுக்குள்ளே இருக்கிற தகடு தொட்டவுடன் துள்ளுமாம். அந்தத் துள்ளலையும் இன்னொரு அமுக்கல் என்று அட்டை நினைத்துக்கொள்ளுமாம். கொஞ்சம் பொறுத்துப் பார் என்று ஒரு வரி சேர்த்தாள், சரியாகிவிட்டது. அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. எழுந்து பால்கனிக்குப் போனேன். கீழ் வீட்டில் யாரோ தீக்குச்சி கிழித்தார்கள் போல, மருந்து வாசனை வந்தது. அவ்வளவுதான், மனசு ஏழாயிரம்பண்ணைக்குப் போய்விட்டது.

அறுபதுகளில் அந்தப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் எலக்ட்ரீசியன். மின்சாரமே ஆகாத இடத்தில் எலக்ட்ரீசியனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் மாமனாரும் கேட்டார். ஆபீஸில் நாலு விளக்கு, கேட்டில் ஒன்று, கிணற்றில் ஒரு மோட்டார். மற்ற நேரமெல்லாம் சட்டைப் பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு பொறுப்பான ஆள் மாதிரி நடந்துகொண்டிருப்பேன்.

மருந்து கலக்கும் ஷெட் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி இருந்தது. சுற்றிலும் மண்மேடு. உரசினால் பொறி பறக்கும் என்பதால் இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. வெயில் ஏறுமுன் ஆறுமுகம் என்பவர் தனியாளாக உள்ளே போய் மருந்தைச் சலித்துக் கலப்பார். அவர் போனதும் போர்மேன் சுப்பையா தன் அறையில் இருக்கிற பொத்தானை அமுக்குவார். ஷெட்டுக்குப் பிரியும் பாதையில் ஒரு கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். அது எரிகிறவரை அந்தப் பாதையில் யாரும் கால் வைக்கக் கூடாது. ஆறுமுகம் வெளியே வந்து சொன்னதும் சுப்பையா மறுபடி அமுக்குவார், அணையும். நான் சேருவதற்கு முன்பே யாரோ ஒரு காண்ட்ராக்டர் மாட்டிவிட்டுப் போன ஏற்பாடு. பொத்தானுக்குள் ஒரு அமுக்கலுக்கு ஒரு பல் நகர்கிற சக்கரம் இருந்தது; ஒரு பல்லுக்கு எரியும், அடுத்த பல்லுக்கு அணையும். சுப்பையாவின் அறையிலிருந்து கம்பம் தெரியாது, நடுவே குடோன் மறைக்கும். அதற்கு முன்பெல்லாம் பாதை முனையில் சிவப்புக் கொடியோடு ஒரு ஆள் நின்றிருந்தாராம். விளக்கு வந்ததும் அவரை லோடு ஏற்ற அனுப்பிவிட்டார்கள்.

தீபாவளிச் சீசன். ஒரு காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறேன், விளக்கு எரியவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கம்பத்தடியில் ஆறுமுகத்தின் செருப்பு கிடந்தது. உள்ளே போகும்போது அங்கேதான் கழற்றிப் போடுவார். ஆள் இன்னும் வெளியே வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தால், பாதையில் பாதித் தூரத்தில் அவர் மனைவி பேச்சியம்மாள் போய்க்கொண்டிருந்தார். இடுப்பில் கைக்குழந்தை, கையில் கஞ்சி கொண்டுபோகும் தகரத் தூக்குவாளி.

கூப்பிட வாயெடுத்துவிட்டேன். அடக்கிக்கொண்டேன். மருந்து சலிக்கிற ஆள் சத்தத்தில் திடுக்கிட்டுக் கை நழுவினால் என்ன ஆகும் என்று அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். என் பூட்ஸின் அடியில் ஆணி. உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். நெருஞ்சி ஏறியது. கிட்டப் போய் வாளியின் பிடியைப் பிடித்தேன்.

"யக்கா, நில்லுங்க. சத்தம் போடாதீக."

"என்னய்யா? வெளக்கு எரியலையே."

"அண்ணன் உள்ளதான் இருக்காக."

அவர் முகத்தில் இரத்தம் வற்றியதைப் பார்த்தேன். மண்மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சல்லடையின் சரசரப்பு கேட்டது. திரும்பி நடந்தோம். குழந்தை சிணுங்கத் தொடங்கியது. அதன் வாயைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். வாளி மூடி ஆடியது, அதை நான் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டேன். அந்தப் பாதை அவ்வளவு நீளம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

ஆறுமுகம் வரும்வரை நான் கம்பத்தடியில் வழிமறித்து நின்றேன், பேச்சியம்மாள் குழந்தையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வெள்ளிப் பொடியோடு வந்தவர், "ஏன் இங்கன உக்காந்துருக்க? கஞ்சி ஆறிப்போச்சா?" என்றார். பேச்சியம்மாள் அணைந்து கிடந்த விளக்கைக் கைகாட்டினார். கஞ்சியை ஊற்றும்போது பாதி மண்ணில் போயிற்று.

சுப்பையா சத்தியம் செய்தார். "ஒருக்கத்தான் அமுக்குனேன் தம்பி." நான் அமுக்கிப் பார்த்தேன். பல முறை சரியாகத்தான் இருந்தது. பிறகு ஒருமுறை, ஒரே அமுக்கலுக்குச் சக்கரம் இரண்டு பல் தாவியது. சுப்பையா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு முன்னாடி எத்தன நாளு இப்பிடி அணைஞ்சு கெடந்துச்சோ" என்றார்.

எரிய ஒரு பொத்தான், அணைக்க ஒரு பொத்தான், சுப்பையாவின் கண்முன்னே ஒரு சின்ன விளக்கு என்று மாற்றித் தருவதாக முதலாளியிடம் சொன்னேன். ஆர்டர் நெருக்கும்போது இதெல்லாம் வேண்டாம், சீசன் முடியட்டும் என்றார். மறுநாள் ஆறுமுகம் வேலைக்கு வரவில்லை. பேச்சியம்மாள் கேட்டுக்கு வந்து நின்றார்.

"கொடி இருந்தப்ப ஆளக் கேட்டுட்டுத்தான் போவேன். வெளக்கு வந்தப்புறம் யாரையும் கேக்கல. கொடிக்காரரு வாற வரைக்கும் அவுக வர மாட்டாக" என்றார். குரல் உயரவில்லை.

மருந்து கலக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கொடிக்காரர் கம்பத்தடிக்குத் திரும்பினார். நான் கேட்ட ஒயரும் பொத்தான்களும் வந்தன. அதன் பிறகும் ஒவ்வொரு காலையும் அந்த விளக்கை நின்று பார்த்துவிட்டுத்தான் ஆபீஸுக்குள் போவேன். எரிந்தாலும் பயம், அணைந்திருந்தாலும் பயம். சில வருஷங்களில் ஆறுமுகமும் பேச்சியம்மாளும் காரியாபட்டிப் பக்கம் ஆறுமுகத்தின் அண்ணனோடு விவசாயம் பார்க்கப் போய்விட்டார்கள். முழு உடம்போடு போனார்கள் என்பதில் எனக்கு இன்றும் நிம்மதி.

போன மாதம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். மண்மேட்டைச் சமப்படுத்திக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் காலை நேரத்தில் கேட்டுக்கு வரும் வண்டிக்காரர்கூட மாட்டை அதட்ட மாட்டார், முதுகைத் தடவித்தான் நிறுத்துவார். உள்ளே இருக்கிற ஒருவருக்காக வெளியே அத்தனை பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டிருந்த அந்த அமைதி போய்விட்டது. அது எதற்காக என்று தெரிந்தவர்களும் அங்கே இப்போது யாருமில்லை.